பதினாலாவது சிடி

டெபியன் 3.1 வெளியானது 2005 ஜூனில். சார்ஜ் என்று பெயர். அதற்கு முந்தைய வுடி 2002-இல் வந்தது. இடையில் ஏறத்தாழ மூன்று வருஷம் 'இதோ வருகிறது, அதோ வருகிறது' என்று சொல்லிச் சொல்லியே டெபியன்காரர்கள் மற்ற லினக்ஸ்காரர்களின் வாயில் விழுந்து எழுந்தார்கள். போதாக்குறைக்கு 2004 அக்டோபரில் உபுண்டு என்று ஒன்று கிளம்பியது. டெபியனையே எடுத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று நாள் குறித்து, கேட்டவர் வீட்டுக்கெல்லாம் இலவசமாகச் சிடி அனுப்பவும் தொடங்கிவிட்டது. டெபியன் என்றாலே பழசு என்று ஒரு பேச்சு. "பழசு இல்லையப்பா, ஸ்டேபிள்" என்போம். யாரும் நம்பியதில்லை.

சார்ஜ் வந்தபோது மொத்தமாக வந்தது. 15,000-க்கு மேல் பேக்கேஜ்கள். சாதாரண இன்டெல் கம்ப்யூட்டருக்கு மட்டும் 14 சிடி. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் அப்போது டெலிபோன் வழி இன்டர்நெட். இரவு பத்தரைக்கு மேல் பாதிக் கட்டணம் என்பதால் படுக்கப் போகுமுன் டவுன்லோடு போட்டுவிடுவேன். அதிகாலையில் அம்மா பால்காரருக்கோ பெரியம்மாவுக்கோ போன் போட ரிசீவரை எடுப்பார். அதோடு அறுந்துவிடும். ஒரு சிடி 650 எம்பி. இரவுக்கு ஐம்பது எம்பி வந்தால் பெரிய காரியம். இந்தக் கணக்கில் பதினாலு சிடியும் இறங்கி முடிய அரை வருஷம் ஆகிவிடும்.

ஆகவே சிடிகள் சென்னையிலிருந்து வந்தன. ஐஐடி மெட்ராஸில் மாதம் ஒருமுறை லினக்ஸ் பயனர் குழு கூடும். அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் முழு செட்டையும் நகல் எடுத்து, தினத்தாளில் சுற்றி, ஆம்னி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். விடிகாலை காந்திபுரத்தில் போய் நின்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ஒன்றிலிருந்து பதினாலு வரை எண். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பதினாலையும் வரிசையாக டிரைவில் போட்டு எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்வது. அதன் பிறகு ஏதாவது ஒரு பேக்கேஜ் வேண்டும் என்று கேட்டால், எந்தெந்த சிடி தேவை என்று அதுவே சொல்லும்: 'டெபியன் 3.1 சார்ஜ், பைனரி 9 என்று பெயரிட்ட வட்டை டிரைவில் போட்டு என்டரை அழுத்தவும்.' போட்டால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு 'பைனரி 2' என்று கேட்கும். பிறகு மறுபடி எட்டோ ஒன்பதோ.

எந்தப் பேக்கேஜ் எந்த சிடியில் என்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. டெபியனில் பாப்கான் என்று ஒரு ஏற்பாடு உண்டு. தின்கிற சாமான் அல்ல, பாப்புலாரிட்டி கான்டெஸ்ட் என்பதன் சுருக்கம். விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர்கள், தம்மிடம் எந்தெந்தப் பேக்கேஜ் இருக்கிறது, எது புழக்கத்தில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை சொல்லி அனுப்பும். அந்தக் கணக்கை வைத்துச் சிடிகளை அடுக்குவார்கள். ஊரில் எல்லோருக்கும் வேண்டியது முதல் சிடியில். ஓரளவு பேருக்கு வேண்டியது இரண்டு, மூன்றில். சீண்ட ஆளில்லாதது கடைசியில். எனக்குத் தொழில் எடை இயந்திரம், பார்கோடு, சீரியல் போர்ட் இவற்றோடு. இதையெல்லாம் உலகத்தில் எத்தனை பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கப் போகிறார்கள்? நான் கேட்டது பெரும்பாலும் பத்துக்கு மேல்தான் இருக்கும். பதினாலாவது சிடியில்தான் மற்ற பதின்மூன்றையும்விட அதிகக் கீறல்.

ஆனாலும் அன்றைக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது நிம்மதி என்று அப்போது தெரியாது. கேட்டது எதுவானாலும், சிடிகளைப் போட்டு வைத்திருந்த செருப்பு டப்பாவுக்குள் இருந்தது. யாரும் அதை வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏங்கியதெல்லாம் புதுசுக்கு: அடுத்த வெர்ஷன் எப்போது, அதில் என்னென்ன, யாரிடம் கிடைக்கும்.

2007 ஏப்ரலில் எட்ச் வந்தது. பிராட்பேண்டும் வந்துவிட்டது. செருப்பு டப்பா பரணுக்குப் போனது. ஒரு சித்திரையில் அம்மா மொட்டை மாடியில் வடகம் போட்டபோது, காக்காய்க்கு என்ன செய்வது என்று யோசித்து, பரணிலிருந்து டப்பாவை இறக்கி, சிடிகளை நூலில் கோத்து நாலு பக்கமும் கட்டிவிட்டார். 15,000 பேக்கேஜ்களும் வெயிலில் மின்னின. காக்காய் இரண்டு நாள் பயந்தது.

புதுசுக்கு அலைந்த அந்தக் காலம் எப்போது திரும்பிக்கொண்டது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது என் வேலையில் பாதி, பழசைத் தேடுவது. கையில் 5ஜி போன். அந்த 14 சிடியையும் ஒரு காபி ஆறுவதற்குள் இறக்கிவிடலாம். என்னைத் தேடி வருகிறவர்களோ 2009-ஐக் கேட்கிறார்கள்.

டெபியன் எதையும் சட்டென்று தூக்கி எறிவதில்லை. ஒரு வெளியீடு வயதாகி, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று, இன்னும் கொஞ்ச காலம் கழிந்ததும், உலகமெங்கும் உள்ள மிரர் சர்வர்களிலிருந்து அதை அப்புறப்படுத்தி ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். 1996-இன் பஸ் முதற்கொண்டு எல்லாம் அங்கே இருக்கின்றன. பஸ், ரெக்ஸ், போ, ஹாம், ஸ்லிங்க், பொட்டேட்டோ, வுடி. பெயர்கள் எல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்கள். திட்டத்தின் ஆரம்ப காலத் தலைவர் புரூஸ் பெரென்ஸ் அப்போது பிக்சாரில் வேலை பார்த்தவர். என்றைக்கும் 'ஸ்டேபிள்' ஆகாத 'அன்ஸ்டேபிள்' கிளைக்கு மட்டும், படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன் சிட்டின் பெயர். குசும்பு பிடித்த ஆட்கள்.

வெளியீடு முழுசாகப் போவது ஒரு ரகம். வெளியீடு இருக்கும்போதே தனிப் பேக்கேஜ் ஒன்று விலக்கப்படுவது இன்னொரு ரகம். அதற்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் போட வேண்டும். காரணம் எழுத வேண்டும்: மூல ஆசிரியர் கைவிட்டுவிட்டார், பராமரிக்க ஆளில்லை, பழைய நூலகத்தை நம்பியிருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. கடைசிக் காரணத்துக்குச் சான்று, அதே பாப்கான் எண்ணிக்கை. என் தொழில் சமாசாரங்களைப் பதினாலாவது சிடிக்குத் தள்ளிய அதே கணக்கு இப்போது வாசலைக் காட்டுகிறது. எக்ஸ்எம்எம்எஸ் என்ற பாட்டுப் பெட்டி நினைவிருக்கிறதா? அந்நாளைய லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இளையராஜா வந்ததெல்லாம் அதன் வழியாகத்தான். எட்ச்சில் இருந்தது, அடுத்த வெளியீடான லென்னியில் இல்லை. அது நம்பியிருந்த ஜிடிகே 1 காலாவதியாகிப் பல காலம் ஆகியிருந்தது. விலக்கப்பட்டவற்றின் பட்டியலை, காரணம், தேதியோடு, ஒரு நீண்ட உரைக் கோப்பாகவே வைத்திருக்கிறார்கள். தூக்கம் வராத இரவுகளில் படிக்கலாம்.

இப்படி நடுவழியில் போனவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, ஸ்நாப்ஷாட். 2005-இலிருந்து டெபியனின் கிடங்கு எந்தெந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அங்கே படியெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தேதியும் நேரமும் கொடுத்தால், அந்த நேரத்து டெபியன் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், 'அன்ஸ்டேபிள்' கிளையின் பட்டியல்களில் 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு வாரம்தான் ஆயுள். பல வருஷத்துக்கு முந்தைய பட்டியலைக் காட்டினால், காலாவதியாகிவிட்டது, தொடமாட்டேன் என்று, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் முரண்டு பிடிக்கும். பழசு வேண்டும் என்றுதானே வந்திருக்கிறேன் என்று அதனிடம் சொல்வதற்கு ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள்.

அப்படிப் பழசைக் கேட்டு என்னைத் தேடி வந்தவர்களில் ஒருவருக்குக் காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய்க் களம். அங்கே ஒரு லாரி எடைமேடை. மேடையின் இண்டிகேட்டர், எடையைச் சீரியல் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் லோடு எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கர்ர் கர்ரென்று சீட்டாக அடித்துக் கொடுக்கும். 2009-இல் ஓர் இன்ஜினியரிங் மாணவர் எழுதிய புரோகிராம். அவர் இப்போது கடல் கடந்து எங்கோ இருக்கிறார். பைத்தான் 2.5, திரைக்குப் பைஜிடிகே, அடியில் டெபியன் லென்னி. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. பேச ஆரம்பித்தது ஹார்ட் டிஸ்க்.

"ஏனுங் தம்பி, பொட்டிக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங். காத்தால இருந்து சீட்டு வர மாட்டீங்குது. பருப்பு லோடு நாலு வண்டி நிக்குதுங்" என்றார் களத்துக்காரர்.

புரோகிராமின் நகல் ஒரு பென் டிரைவில் இருந்தது. மற்ற எல்லாம் டிஸ்க்கோடு போயிற்று.

எங்கள் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறார், கெட்டிக்காரர். லென்னி வெளியான 2009 பிப்ரவரியில் அவர் மூன்றாம் வகுப்பு. "புதுசு போட்டுடலாமே சார்" என்றார். வழி பார்த்தோம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐப் பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் நிறுவவே முடியாது. அதற்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் நிறுத்தப்பட்டுவிட்டன. 12 ஏறும், ஆனால் அதில் பைத்தான் 2 இல்லை. 11-இல் பைத்தான் 2 ஒட்டிக்கொண்டிருக்கிறது, பைஜிடிகே இல்லை. 10-இல் இரண்டும் உண்டு. ஆனால் 2009-க்கும் அதற்கும் நடுவில் பத்து வருஷத்தில் எதெது எப்படி மாறியது என்பதை, லாரி டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து களத்துக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது ஆராய முடியாது. பைத்தான் 3-க்கு மாற்றி எழுதலாம்தான். அதையும் களத்துக்காரரிடம் சொன்னேன். "எதையும் மாத்த வேண்டாமுங். இருந்தது இருந்த மாதிரியே இருக்கோணும்" என்றார். என் தொழிலில் வாடிக்கையாளர் ஒருவர் இவ்வளவு தெளிவாகத் தேவையைச் சொன்னது அபூர்வம்.

பையன் முதலில் தன் லேப்டாப்பில் டாக்கருக்குள் லென்னியைப் போட்டு ஒத்திகை பார்த்தார். எழுந்ததும் விழுந்தது. பிழைச் செய்தி கிடையாது, 139 என்று ஓர் எண் மட்டும். அந்நாளைய சி நூலகம், மணி என்ன என்று கேட்பதற்குக் கெர்னலின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு நேராகப் போய் நிற்கும். திருடர்களுக்கும் அந்த முகவரி வசதியாக இருந்ததால் புதிய கெர்னல்களில் அதை மூடிவிட்டார்கள். பூட் செய்யும்போது 'வீசிஸ்கால் எமுலேட்' என்று ஒரு வரி கொடுத்தால் பழையபடி பதில் கிடைக்கும். கொடுத்ததும் லென்னி எழுந்து உட்கார்ந்தது. "மணி கேட்டதுக்கா சார் செத்துப்போச்சு?" என்றார் பையன்.

ஒத்திகை சரி. களத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி? நல்லவேளையாக அந்தப் போர்டில் சாட்டா இருந்தது, புது எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தியாயிற்று. லென்னியின் கடைசித் திருத்த வெளியீடான 5.0.10-இன் இன்ஸ்டாலர் இமேஜ், டெபியனின் பழைய இமேஜ்கள் இருக்கும் கிடங்கிலேயே கிடைத்தது. கொட்டாவி விடும் நேரத்தில் இறங்கியும் விட்டது. ஆனால் அதைப் பென் டிரைவில் அப்படியே எழுதினால் பூட் ஆகாது. இமேஜைப் பென் டிரைவிலும் நேராகப் போடலாம் என்ற சௌகரியம் அடுத்த வெளியீடான ஸ்குவீஸில்தான் வந்தது. லென்னியின் இமேஜை அப்படியே எழுதி பூட் செய்ய சிடிதான் வேண்டும்.

வெற்று சிடிக்கு எங்கே போவது? கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் சிரித்தார்கள், இன்னொன்றில் "எதுக்கு சார், காக்கா ஓட்டவா?" என்றே கேட்டார்கள். கடைசியில் காங்கேயத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாண வீடியோ போட்டுக் கொடுத்த காலத்து ரைட்டர் தூசி மூடி இருந்தது, பக்கத்தில் பிரிக்காத சிடிக் கட்டு. "இப்ப எல்லாம் பென் டிரைவ்தான் கேக்கறாங்க. பொண்ணு மாப்பிள்ளை போட்டோ ஒட்டின சிடி கவர் அடிச்சுக் குடுத்த காலமெல்லாம் போச்சு" என்றார் ஸ்டூடியோக்காரர். இமேஜை எழுதிக் கொடுத்தார். வட்டின் மேல் என்ன எழுதுவது என்று மார்க்கரோடு கேட்டார். லென்னி என்றேன். "மாப்பிள்ளை பேருங்களா?"

இன்ஸ்டாலர் நீல நிறத் திரையோடு வந்தது. அடிப்படை எல்லாம் சிடியிலிருந்தே ஏறின. பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுவரப் போய், அந்த முகவரியில் லென்னிக்கு யாரும் இல்லை என்று கைவிரித்தது. அந்தத் திருத்தங்கள் 2012 பிப்ரவரியிலேயே நின்றுவிட்டன. களத்துக்காரரின் மகன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை என் லேப்டாப்பில் வாங்கி, லேன் ஒயரில் பழைய பெட்டிக்குக் கொடுத்தேன். புதிய இணையதளம் எதுவும் அந்தப் பெட்டியோடு பேசாது. அதிலிருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8-க்கு இன்றைய டிஎல்எஸ் 1.2 தெரியாது. டெபியன் ஆவணக் கிடங்கு மட்டும், பூட்டுப் போடாத பழைய எச்டிடிபியில் இன்றும் பதில் சொல்கிறது. எஃப்டிபி சேவையைத்தான் 2017 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

சோர்சஸ் பட்டியலில் முகவரியை ஆவணக் கிடங்குக்கு மாற்றி, ஆப்ட்-கெட் அப்டேட். பட்டியல்கள் வந்தன, கூடவே எச்சரிக்கையும்: கையெழுத்துச் சாவி காலாவதி. அந்தப் பட்டியல் உண்மையாகவே டெபியன் வெளியிட்டதுதான் என்பதற்குச் சாட்சியாக இருந்த சாவிக்கும் ஒரு கடைசித் தேதி குறித்திருந்தார்கள். பைஜிடிகேயைக் கேட்டேன். இங்கேதான் வேடிக்கை. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் பங்காளி வீடு மொத்தமும் வந்து பந்தியில் உட்காருகிற மாதிரி, ஜிடிகே, கெய்ரோ, பாங்கோ, கிளேட் என்று அந்த ஒன்றுக்காக ஒரு கூட்டம். எல்லோரும் அந்தக் காலத்தவர்கள்; ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைக் கூட்டிவர முடியாது. 2009-இலிருந்து ஒரே ஒரு சாமானை மட்டும் உருவி எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருஷத்தையே கொண்டுவந்தாக வேண்டும்.

திரையில் கேள்வி நின்றது. 'இந்தப் பேக்கேஜ்கள் நம்பத்தக்கவைதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. சரிபார்க்காமலே நிறுவவா?' என்டரைத் தட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். ஒய் என்று தட்டினால்தான் ஆம். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆவணக் கிடங்கு பழசை இருந்தபடியே வைத்திருக்கிறது. அன்றைய ஓட்டைகளும் அடைபடாமல் அப்படியே இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் லேன் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், மறுபடி இணையத்தின் முகத்தில் விழிக்கவே கூடாது. ஒய் தட்டினேன். சில நொடிகளில் எல்லாம் இறங்கிவிட்டன. அன்றைக்கு நாலு ராத்திரி பிடித்திருக்கும்.

இண்டிகேட்டரோடு வந்த விண்டோஸ் மென்பொருள் ஒன்றும் உண்டு, காசு கொடுத்து வாங்கியது. அது என்ன ஆயிற்று என்று களத்துக்காரரிடம் கேட்டேன். விற்றவர்கள் அந்த வெர்ஷனை நிறுத்திவிட்டார்களாம், லைசென்ஸ் எண்ணைச் சொன்னால் புதுசு வாங்குங்கள் என்கிறார்களாம். காசு வாங்காமல் கொடுத்தவர்களின் பரணில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, தேதி வாரியாக, கையெழுத்தோடு. கையெழுத்துதான் காலாவதி.

சாயங்காலம் முதல் லாரி மேடையேறியது. எண்கள் திரையில் ஏறி இறங்கி நின்றன. பிரிண்டர் கர்ரென்றது. களத்துக்காரர் சீட்டைக் கிழித்து, பழைய சீட்டு ஒன்றோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தி.

"அப்பா, இந்தச் சீட்டு அப்படியே வாட்ஸ்ஆப்ல போற மாதிரி கேளுங்க" என்றான் மகன்.

"இந்தப் பெட்டி வெளியே யாரோடும் பேசாதுங்க" என்றேன்.

"பேசாமயே கெடக்கட்டுமுங்" என்றார் அவர். "பேசற கம்ப்யூட்டரு ஆபீஸ்ல ரெண்டு இருக்குது. ரெண்டும் தெனமும் அப்டேட்டு, அப்டேட்டுன்னு உசுர வாங்குது."

பணம் என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இது ஃப்ரீ சாஃப்ட்வேருன்னு சொன்னீங்களே தம்பி?" சாஃப்ட்வேர் ஃப்ரீ, நான் ஃப்ரீ இல்லை என்று விளக்கியதும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பில்லில் என்னவென்று போடுவது என்பதில் மட்டும் அப்பாவுக்கும் மகனுக்கும் கொஞ்ச நேரம் பேச்சு. 2009-ஆம் வருஷத்து சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றியது என்று எழுதினால் ஆடிட்டர் கேள்வி கேட்பார் என்றான் மகன். கடைசியில் அவனே டைப் செய்தான்: 'சாஃப்ட்வேர் அப்டேட் — 1.'